கடிந்துகொள்ளும் முன் காதைப் பாருங்கள்



மயிலாப்பூரில் நான் பணியாற்றியபோது, அழைத்தால் திரும்பாத மாணவி ஒருத்தியைக் கவனமில்லை என்று கடிந்துகொண்டேன். பரிசோதனையில் இரு காதுகளிலும் குறைபாடு தெரிந்தது. அவள் தந்தை காப்பீட்டு அட்டையுடன் வந்து, “சார், இதில் காதொலிக் கருவி கிடைக்குமா?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஓராண்டு வீணானது.

தனியார் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் கருவியின் விலையைத் தருவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், சிறு குழந்தைகளின் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு உதவுகிறது. அதற்கு வயது வரம்பு 6. காதில் மாட்டும் கருவிக்கு வழி வேறு: ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் மருத்துவ முகாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு வரும்போதே அந்த வயது நெருங்கிவிடுகிறது. ஆகவே, வீட்டிலுள்ள தம்பி தங்கைகளைப் பற்றியும் விசாரியுங்கள்.