ஏமாந்தாரைக் கடியாதீர்



முன்னாளில் திருடன் இரவில் வந்தான். சுவரிலே கன்னம் வைத்தான். இந்நாளில் பட்டப்பகலில் வருகின்றான். உதவி செய்வான் போலப் பேசுகின்றான். வீட்டுக்கு உரியவரைக் கொண்டே கதவைத் திறக்கச் செய்கின்றான். கணினியின் பழுதை நீக்குவதாகச் சொல்லி முதியோரை ஏமாற்றும் கூட்டத்தாரையே குறிப்பிடுகின்றேன். இது நேற்றுத் தோன்றிய தொழில் அன்று. 2012-ஆம் ஆண்டு அக்டோபரிலேயே அமெரிக்கக் கூட்டாட்சி வாணிப ஆணையம் இத்தகைய ஆறு கூட்டத்தார்மீது நடவடிக்கை எடுத்தது. அவர்களுட் பெரும்பாலோர் நம் நாட்டிலிருந்து இயங்கியவர்கள் என்பது நாம் நாணத்தக்க செய்தி.

இவர்தம் சூழ்ச்சி எத்தகையது? இணையத்தில் எதையோ தேடும்போது திரை முழுவதும் ஓர் எச்சரிக்கை தோன்றும், ஒலி எழும், கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று எழுதியிருக்கும். உண்மையில் அது வெறும் வலைப்பக்கமே. உலாவியை மூடினால் மறைந்துவிடும். அஞ்சி அழைத்தவரைத் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வர். பின்பு விண்டோஸில் உள்ள ஈவண்ட் வியூவர் என்னும் பதிவேட்டைத் திறந்து காட்டுவர். நன்கு இயங்கும் கணினியிலும் அப்பதிவேட்டில் பிழைக் குறிப்புகள் பல இருக்கும். அவற்றையே நோயின் அறிகுறி என்பர். ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்: விண்டோஸின் மெய்யான எச்சரிக்கையில், அழைக்கச் சொல்லும் தொலைபேசி எண் இராது.

கும்பகோணத்தில் வாழும் என் தமக்கையார்க்கு வயது 74. அவர் இவ்வலையிற் சிக்கி 38,000 ரூபாய் இழந்தார். இரண்டு நாள் எவரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வெளியூரிலுள்ள மகனிடம் தொலைபேசியிற் சொன்னார். மகன் சினந்து பேசினான். உடனே அவர், "கணினியை மட்டுந்தான் தொட்டார்கள், வேறொன்றும் இல்லை" என்று முடித்துவிட்டார்.

செய்தி அறிந்து நான் சென்றேன். முதலிற் கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்தேன். பிறகு அவரருகில் அமர்ந்து, "அக்கா, பேசி மயக்குவதையே தொழிலாகப் பயின்றவர்கள் அவர்கள். கற்றவர்களும் ஏமாறுகின்றார்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் வாளா இருந்தார். பின்பு, "தம்பி, நீயும் கோபிக்க மாட்டாயே?" என்று கேட்டுத் தம் கைப்பேசியை எடுத்து என்முன் வைத்தார். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி அதிலும் அதே செயலியை நிறுவச் செய்திருந்தனர்!

நண்பர்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் வருவது அக்கைப்பேசிக்கே. கணினியை எவ்வளவு துப்புரவு செய்தாலும், எத்தனை புதிய கடவுச்சொல் அமைத்தாலும், அவையாவும் கள்வர் கண்முன்னே நடந்திருக்கும். அவருடைய வாழ்நாட் சேமிப்பாகிய வைப்புத்தொகையும் போயிருக்கும். மருத்துவனிடம் நோயை மறைத்தாற்போல முடிந்திருக்கும்.

அதன்பின் செய்த பணிகள் வரிசையாக நடந்தன. என் கைப்பேசியிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் செய்தேன். இணையவழிப் பண மோசடிக்கென நாடெங்கும் உள்ள 1930 என்னும் எண்ணிற் புகார் பதிவு செய்தோம். எதையும் அழிக்குமுன், அழைத்தவரின் எண், நேரம், பணம் சென்ற பரிவர்த்தனை எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டேன். இவை சான்றுகள் அல்லவா? மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வேறு கருவியிலிருந்து மாற்றினேன். அதில் அயலார் எண்ணோ முகவரியோ சேர்க்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்தேன். படங்களையும் கடிதங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக நிறுவினேன். தெரிந்த செயலியை நீக்கினாற் போதாதோ எனலாம். தெரியாமல் வைத்துச் சென்றது எது என்று யாரறிவார்? கைப்பேசியையும் அவ்வாறே தூய்மை செய்தோம்.

காலந்தாழ்த்தல் பொருளிழப்பையும் பெருக்கும். ஓ.டி.பி. போன்றவற்றைத் தாமே கொடுத்து ஏமாந்தவர், வங்கிக்கு அறிவிக்கும் வரையுள்ள இழப்பைத் தாமே ஏற்க வேண்டும். அறிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை வகுத்தது. ஆகவே, வெட்கத்தால் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கு ஆதாயம். அவ்வெட்கத்தை வளர்ப்பது எது? வீட்டாரின் கடுஞ்சொல்லே.

சென்ற 38,000 ரூபாய் திரும்பவில்லை, வைப்புத்தொகை தப்பியது. சில நாள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக வேறொருவன் அழைத்தான். ஒருமுறை ஏமாந்தவரை மீண்டும் தேடி வருவது இக்கூட்டத்தார் வழக்கம். இம்முறை தமக்கையார் இணைப்பைத் துண்டித்தார். அடுத்த நிமிடமே என்னை அழைத்துச் சொன்னார்.

மாணவர்களே! கணினி நுட்பம் உங்களுக்குக் கைவந்த கலை. உங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் அதில் புதியவர்கள். "இதுகூடத் தெரியாதா?" என்று நீங்கள் இன்று சொல்லும் ஒரு சொல், நாளை அவர்கள் வாயை அடைத்துவிடும். இன்று மாலையே அவர்களிடம் செல்லுங்கள். ஐயம் தோன்றினால் எந்நேரமும் தயங்காமல் கேட்கலாம் என்று சொல்லுங்கள். 1930 என்னும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கணினியருகே ஒட்டிவையுங்கள்.