ஏட்டில் உறங்கிய வேற்றுமை

மக்களாட்சி என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது வாக்குச்சாவடி. மாளிகையில் வாழ்பவரும் குடிசையில் வாழ்பவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மையை விரலில் ஏற்று, ஒரே மதிப்புடைய வாக்கை அளிக்கும் இடம் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு சிலருக்கு மட்டுமே வாக்குரிமை வழங்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியா அந்த அளவுகோலை ஒரே வீச்சில் முறித்தெறிந்தது. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் நிறைவுற்ற முதல் பொதுத்தேர்தலில் ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாக்காளர்களாக இடம்பெற்றனர்.

வாக்குச்சாவடியில் கிடைத்த அச்சமத்துவம் வாழ்க்கையின் ஏனைய இடங்களிலும் கிடைத்ததா? 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு நிர்ணய மன்றத்தில் உரையாற்றிய அண்ணல் அம்பேத்கர் இவ்வினாவையே நாட்டின் முன் வைத்தார். அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நிலவும் ஒரு முரண்பாட்டுக்குள் நாடு நுழைகின்றது என்று அவர் சுட்டிக்காட்டினார். அம்முரண்பாட்டை விரைந்து களையாவிடில் அரும்பாடுபட்டுக் கட்டிய மக்களாட்சியே தகர்ந்துபோகும் என்றும் எச்சரித்தார்.

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இதற்கு மருந்தும் தந்தது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றது 14ஆம் உறுப்பு. சமயம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணமாக்கி அரசு எவரையும் வேறுபடுத்தலாகாது என்றது 15ஆம் உறுப்பு. தீண்டாமையை ஒழித்தது 17ஆம் உறுப்பு. கட்டாய உழைப்பைத் தடுத்தது 23ஆம் உறுப்பு. இத்தனையும் எழுதப்பட்ட பின்னர் அரசின் சொந்த ஏடுகளிலேயே சாதி வேற்றுமை எஞ்சியிருக்க முடியுமா? எஞ்சியிருந்தது. ஓராண்டு ஈராண்டு அன்று, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக எஞ்சியிருந்தது.

அந்த இடம் சிறைச்சாலை. ஆங்கிலேயர் காலத்தில் எழுதப்பட்ட சிறை விதிகள் பல மாநிலங்களில் பெரிதும் மாற்றமின்றித் தொடர்ந்து வந்தன. எந்தச் சாதியார் சமைக்க வேண்டும், எந்தச் சாதியார் துப்புரவு செய்ய வேண்டும் என்று அவற்றுள் சில வெளிப்படையாகவே வகுத்திருந்தன. மேற்கு வங்க விதிகள் துப்புரவுப் பணிக்குரியோரைச் சாதிப் பெயரிட்டே குறித்தன. உத்தரப் பிரதேச விதியோ, வெறுங்காவல் தண்டனை பெற்றவரை இழிவான பணிகளில் ஈடுபடுத்தலாகாது என்று கூறிவிட்டு, அத்தகைய பணி செய்து பழகிய சமூகத்தாருக்கு மட்டும் அப்பாதுகாப்பை மறுத்தது. செய்த குற்றம் ஒன்றாக இருப்பினும், கையில் கரண்டி தருவதா துடைப்பம் தருவதா என்பதைப் பிறப்பே முடிவு செய்தது.

நாடோடிச் சமூகங்களுக்கு நேர்ந்த அநீதி இன்னும் ஆழமானது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பல சமூகங்களைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என முத்திரையிட்டது. விடுதலைக்குப் பின் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதன் நிழலோ சிறை விதிகளில் தங்கிவிட்டது. நாடோடி இனத்தார் இயல்பாகவே தப்பியோடும் தன்மையர் எனக் கருதி, காவற்பொறுப்புக்கு அவர்களை விலக்கிய விதிகள் நீடித்தன.

இவ்விதிகளைப் பற்றி ஊடகத்தில் எழுதியவர் சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர். எழுதியதோடு நில்லாமல் உச்ச நீதிமன்றத்தையும் அவர் நாடினார். 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சாதி அடிப்படையில் பணி பிரிக்கும் விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என அறிவித்தது. மூன்று திங்களுக்குள் விதிகளைத் திருத்த ஆணையிட்டது. சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் பகுதியையும் நீக்கச் சொன்னது.

இவ்வழக்கில் தமிழகமும் பேசப்பட்டது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகள் சாதி வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னர் ஏற்றுக்கொண்டிருந்தது. மோதலைத் தவிர்க்கவே அவ்வேற்பாடு எனக் காரணம் கூறப்பட்டது. உச்ச நீதிமன்றம் அக்காரணத்தை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் கடமை. அதற்காகச் சாதிப் பிரிவினையைக் கைக்கொள்வது தீர்வாகாது என்பதே அதன் கருத்து. அமைதிக்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறோம் என்னும் சொல்லை ஊர்களிலும் கேட்டிருப்போம். அந்த அமைதியின் விலையை யார் செலுத்துகிறார் என்று கேட்டுப் பழகுவதே நீதியின் தொடக்கம்.

இத்தீர்ப்பு நமக்கு உணர்த்துவது யாது? உயர்ந்த சட்டம் மேலே ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே, கீழே ஒரு சிறு விதியில் வேற்றுமை உறங்கிக்கொண்டிருக்கும். அதனை எவரேனும் எடுத்துப் படிக்கும் வரை அது சாகாது. எண்ணிக்கையில் சிறிய சமூகத்தார் இவ்வுண்மையை மற்றவரினும் நன்கு அறிவர். பெரும்பான்மை எண்ணிக்கையால் ஆளப்படும் நாட்டில் சிறியோருக்கு அரணாக நிற்பது சமத்துவ உரிமையே. தனக்கு அரணாக விளங்குவதைப் பிறர்க்கு மறுப்பது அறமாகாது.

சிறைக்கு மட்டும் எழுதப்பட்ட பாடம் அன்று இது. வீடுகளுக்கும் எழுதப்படாத விதிகள் உண்டு. வேலைக்கு வரும் பெண்மணிக்குத் தனிக் குவளை வைப்பது எந்த ஏட்டில் எழுதிய விதி? கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் இன்னாரைத்தான் அழைக்க வேண்டும் என்பது யார் இயற்றிய சட்டம்? தக்க பாதுகாப்பின்றி ஒருவரை அத்தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தடை நகராட்சிக்கு மட்டும் உரியதன்று. வீட்டு உரிமையாளரையும் கட்டுப்படுத்துவது. மீறினால் சிறைத்தண்டனையும் உண்டு.

சிறை ஏட்டைத் திருத்த ஒரு மனுவும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன. வீட்டு வழக்கத்தைத் திருத்த மனு வேண்டுவதில்லை. அவ்வீட்டாரின் மனம் ஒன்றே போதும். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும் அக்குவளையை ஏனைய குவளைகளோடு சேர்த்து வைத்துவிட்டால், அவ்வில்லத்தில் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு அன்றே நடைமுறைக்கு வந்துவிடும்.