அறிமுகமும் உத்தியோகமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அடுத்து நாடகம் இருக்கிறது. ஆகவே அவையோரின் பொறுமையை அதிகம் சோதியோம். கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரான எமக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆயினும் நம் குடியிருப்பில் பட்டம் பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் அனுப்பிவிட்டு, ஒரு மறுமொழியும் வாராமல் வாடியிருப்பதை நாள்தோறும் காண்கிறோம். இன்று பேச முற்பட்டது அதன் பொருட்டே.

நம் முன்னோர் இந்த நாகபுரிக்கு எவ்வாறு வந்தனர்? முதலில் ஒருவர் வந்தார். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று ஊருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அதைக் கண்டு மற்றொருவர் தகரப் பெட்டியுடன் வந்து இறங்கினார். வேலைவாய்ப்புச் செய்தி அன்று அறிமுகத்தின் வழியே நடந்தது. இன்றும் பெரும்பகுதி அவ்வாறே நடக்கிறது. அஞ்சலட்டை இருந்த இடத்தில் இணையம் வந்திருக்கிறது.

இதற்கென்றே அமைந்தது லிங்க்ட்இன் என்னும் தளம். 2002ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் நிறுவப்பெற்று, 2003 மே மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் இதனை வாங்கியது. 2023ஆம் ஆண்டில் உறுப்பினர் தொகை நூறு கோடியை எட்டியது. நம் பிள்ளைகளிற் பலர் இதில் பெயரைப் பதிந்திருக்கின்றனர். பதிந்ததோடு நின்றுவிட்டனர் என்பதே குறை. தங்கள் வகுப்புத் தோழர் முப்பது பேரை இணைத்துக்கொண்டு, அம்முப்பது பேரும் வேலையின்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டிருந்தால் செய்தி எங்கிருந்து வரும்?

இது குறித்து ஓர் ஆராய்ச்சி உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்டது. அறிமுகமானவர் வாயிலாக வேலை பெற்றோரை அவர் வினவியபோது, அடிக்கடி சந்திப்பவரால் பெற்றோர் நூற்றுக்குச் சுமார் 17 பேரே. எப்போதாவது சந்திப்பவரால் பெற்றோர் சுமார் 56 பேர். அரிதாகவே சந்திப்பவரால் பெற்றோர் சுமார் 28 பேர். காரணம் எளியது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். எட்டி நிற்பவருக்கோ வேறோர் உலகம் தெரியும். சென்னை–டில்லிப் பாதையும் மும்பை–ஹௌராப் பாதையும் சந்திக்கும் ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டில் வெளியான, லிங்க்ட்இன் உறுப்பினர் சுமார் இரண்டு கோடிப் பேரிடையே நிகழ்ந்த ஆய்வும் இதனை ஒட்டியதே. ஆனால் ஒரு திருத்தம்: முற்றிலும் அயலாரும் பயன்படவில்லை, ஓரளவு தொடர்புடையவரே மிகுதியும் பயன்பட்டனர்.

ஆகவே இளைஞர்களே, கல்லூரியின் பெயரை அத்தளத்தில் தேடினால், அங்குப் பயின்றோர் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில் உள்ளனர் என்பதைக் காணலாம். ஐந்தாறு ஆண்டு முன்னர் பயின்று சென்றவரைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த எடுப்பில் "வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். பெறுபவர் அஞ்சி ஒதுங்குவார். "தங்கள் கல்லூரியில் தங்களுக்குப் பின் பயின்றவன். தங்கள் துறையில் புதியவர்களை முதலில் எப்பணியில் அமர்த்துகிறார்கள், எப்பயிற்சியை விரும்புகிறார்கள் என்று பத்து நிமிடம் கூற இயலுமா?" என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இருவர் மறுமொழி தரக்கூடும். அவ்விருவருக்கும் நன்றி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து, அவர் சொன்னபடி என்ன கற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாம் கடிதத்தை எழுதுவதேயில்லை!

தன்விவரப் பகுதியில் "கடின உழைப்பாளி" என்று எழுதுவதில் பயனில்லை. அப்படி எழுதாதவர் யார்? டேலி தெரியுமாயின் டேலி என்றும், எத்தனை மாதம் எந்தக் கணக்கைக் கையாண்டீர்கள் என்றும் எழுதுங்கள். ஏற்கெனவே ஓரிடத்தில் பணியிலிருப்போர், வேலை தேடுவதாகப் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் இட்டுக்கொள்ளுமுன் சற்றே எண்ணுங்கள்; அவ்வளையம் மேலதிகாரி கண்ணிலும் படும்.

இங்கே பெரியவர் ஒருவர், "இதுவும் சிபாரிசு தானே?" என்று வினவக்கூடும். நியாயமான வினா. தகுதியற்றவரை உள்ளே தள்ளுவது சிபாரிசு. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வது செய்தி. உயர்பதவியில் மாமன் உடைய பிள்ளைக்கு அச்செய்தி சோற்றுத் தட்டிலேயே வந்து சேர்கிறது. மாமன் இல்லாத பிள்ளைக்கு யார் சொல்வது? அந்தப் பிள்ளைக்காகவே பேசுகிறோம்.

இவ்வழி செல்லாத இடங்களும் உண்டு. ரயில்வே அவற்றுள் ஒன்று. ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பும் தேர்வுமே வாயில்; எந்த அறிமுகத்தாலும் அது திறவாது. "உள்ளே ஆள் இருக்கிறார், பணம் கொடுங்கள்" என்பவன் ஏமாற்றுக்காரன். எம்மிடமே சிலர் இதற்காக வந்து மனம் நொந்து திரும்பியதுண்டு.

அயல்நாட்டு வேலையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த விளம்பரங்களை நம்பிச் சென்ற நம் நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடி புரியுமாறு வதைக்கப்பட்டனர். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே இது பற்றி எச்சரித்தது. அவர்களுள் தமிழரும் இருந்தனர். ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை அரசின் இ–மைக்ரேட் தளத்தில் பார்த்த பின்னரே கடவுச்சீட்டைக் கையிலெடுங்கள்.

இனி நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இங்கே பிறந்து வளர்ந்து, புனேக்கும் பெங்களூருக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களே நாம் தேடும் "எட்டி நிற்பவர்". செயலாளர் இசைந்து, பழைய உறுப்பினர் பதிவேட்டை மண்டபத்தின் நுழைவாயிலில் வைத்திருக்கிறார். தங்கள் மகனோ மகளோ எங்கே, எத்துறையில் பணிபுரிகிறார் என்பதை, அவர்தம் இசைவைக் கேட்டுப் பெற்றோர் எழுதித் தரலாம். வேலை தேடும் பிள்ளைகள் தனித்தாளில் எழுதலாம். ஞாயிறு மாலைகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க யாம் நூலகத்தில் இருப்போம். தட்டச்சு அறிந்த ஒருவர் துணைக்கு வேண்டும்.