கடற்பாசியும் கல்லீரலும்



மதுவைத் தொட்டும் பாராத ஒருவருக்குக் கல்லீரல் பழுதடையுமா என்று கேட்போர் உளர். பழுதடையும். 2007 ஆம் ஆண்டில் ராகமைப் பகுதியிலே 35 முதல் 64 வயது வரையுள்ளோரைச் சோதித்தபொழுது, ஏறக்குறைய மூவருள் ஒருவருக்கு மதுவினால் விளையாத கொழுப்பு ஈரல் நோய் காணப்பட்டது. நோவு தராமலே வளர்வது இந்நோயின் கொடுமை.

இதற்கும் குடலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. ஈரலை அடையும் குருதியில் ஏறத்தாழ முக்காற் பங்கு, குடல் முதலிய உறுப்புக்களிலிருந்து வாயினாளத்தின் வழியாக வருகின்றது. குடலின் உட்சுவர் நலிவுற்றால், அங்கு வாழும் பக்டீரியாக்களின் நச்சுப்பொருள்கள் கசிந்து ஈரலிற் சேர்ந்து அழற்சியை உண்டாக்கும். அச்சுவரைக் காக்க உதவுவது நார்ப்பொருள். நம்மாற் செரிக்கவியலாத அதனைக் குடல் நுண்ணங்கிகள் நொதிக்கச் செய்து பியூத்திரிக்கமிலம் போன்றவற்றை ஆக்குகின்றன. குடற்சுவரின் கலங்களுக்கு அவ்வமிலமே உணவு.

இத்தகைய நார்ப்பொருள் கடலிலும் உண்டு. கபிலநிறக் கடற்பாசியிலுள்ள பியூக்கொயிடன் என்னும் பொருளைச் சுவீடன் நாட்டு அறிஞர் கைலின் 1913 இல் பிரித்தெடுத்தார். கொழுப்புணவு ஊட்டிய எலிகளுக்கு அதனைக் கொடுத்தபொழுது, குடல் நுண்ணங்கிகளின் தொகுதி மாறியதையும் ஈரற்கொழுப்புக் குறைந்ததையும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆயினும் எலி வேறு, மனிதன் வேறு. மனிதரிடத்தே கிடைத்த சான்றுகள் இன்னும் சிலவே. மனிதருள்ளும் குடலுக்குக் குடல் வேறுபாடுண்டு. நோரி என்னும் பாசியை உண்ணும் யப்பானியரின் குடற் பக்டீரியா ஒன்று, அப்பாசியைச் சிதைக்கும் ஆற்றலைக் கடல்வாழ் பக்டீரியாவிடமிருந்து பெற்றிருப்பது 2010 இல் வெளியாயிற்று. அவர்க்குப் பயன்படுவது நமக்கும் அவ்வாறே பயன்படுமென்று துணிதல் எங்ஙனம்?

ஆகவே, ஈரல் நோய்க்கு மருந்தென்று விற்கப்படும் பாசித்தூளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். சில கபிலநிறப் பாசிகளில் அயடீன் மிகுதி. தைரொயிட்டு நோயுடையோர் வைத்தியரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது. புத்தளக் களப்பிலே கிடைக்கும் கஞ்சிப்பாசியை உணவாக அளவோடு கொள்ளுதல் வேறு. அதனையே மருந்தாக எண்ணி இருந்துவிடுதல் வேறு. உடல் பருத்தோர் தம் நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு வரை குறைப்பாராயின் ஈரற்கொழுப்பும் அழற்சியும் தணியுமென்பது மனிதரிடத்தே கண்ட உண்மை. இனிப்பைக் குறைத்து, கீரையும் பருப்பும் கூட்டி, நாடோறும் நடந்து வருவோம். கடல் தரும் உதவி அதற்குத் துணையாக வரட்டும்.