ஒரே காசுக்கு ஏன் மூன்று வட்டி?

(கோமாரியில் நடந்த சந்திப்பில் நிகழ்த்திய உரை)



தோட்டத்திலிருந்து பஸ் மாறி மாறி இந்தக் கடற்கரைக்கு வந்த எங்களிடம், இங்குள்ள அக்கா ஒருவர் நேற்று மூன்று துண்டுகளைக் காட்டினார். ஒன்று வங்கி அடகுச் சீட்டு. ஒன்று நுண்கடன் கம்பனியின் கிழமைக் கட்டுப்புத்தகம். மற்றது கொழும்பில் வேலை செய்யும் மகனின் கிரெடிட் கார்ட் பில். “எல்லாம் காசுதானே, வட்டி மட்டும் ஏன் மூன்று விதம்?” என்று கேட்டார். எங்கள் லயத்திலும் இதே கேள்விதான்.

கடன் கொடுப்பவரும் காசை ஓரிடத்தில் வாங்கித்தான் நமக்குத் தருகிறார். வங்கிக்கு நம்முடைய சேமிப்பே மலிவான காசு. நுண்கடன் கம்பனிகள் பல, வங்கியிடம் கடன்பட்டு, அதற்கு மேல் தங்கள் வட்டியை வைக்கின்றன. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வருகிறவரின் சம்பளமும் பெற்றோலும் அதில்தான் ஏறும்.

அடுத்தது பிணை. சங்கிலி வங்கிப் பெட்டகத்தில் கிடந்தால் அவர்களுக்குப் பயமில்லை; கட்டாவிட்டால் ஏலம். கார்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கட்டாமல் விட்டவரின் நட்டத்தையும் ஒழுங்காகக் கட்டுகிறவரிடமே எடுப்பார்கள். 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி வரம்பு வைத்தபோது அடகுக்கு ஆண்டுக்கு 10 வீதம், கார்டுக்கு 18 வீதம் என்றது இதனால்தான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியையே 14.5 வீதமாக்கியது. கார்ட் வரம்பும் நீங்கியது. பிறகு கார்ட் வட்டி 30 வீதத்தையும் தாண்டியது. பழைய நிலுவை வைத்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நுண்கடனில் எங்களுக்குக் கோபம் வேறு. அங்கே பிணை நாம்தான். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். ஆபத்தை நம் தலையில் வைத்துவிட்டு, ஆபத்துக்கான வட்டியையும் நம்மிடமே வாங்குவது என்ன நியாயம்? வரட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டம் வந்த 2018இல்தான், இந்த வட்டிக்கு 35 வீதம் என்ற வரம்பும் வந்தது. அதற்கே அவ்வளவு காலம்.

இன்னொன்று, கணக்குப் போடும் விதம். ஒரு இலட்சம் ரூபாவை 24 வீதத்துக்குத் தருகிறோம் என்பார்கள். மாதம் 10,333 ரூபாவாக 12 மாதம் கட்டுகிறோம். ஆறாம் மாதம் பாதிக் காசை நாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 40 வீதத்துக்கும் மேல். ஆகவே “எத்தனை வீதம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “மொத்தம் எவ்வளவு கட்டுவேன், வட்டி முழுக் காசுக்கா மீதிக் காசுக்கா?” என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: கார்ட் போட்டு மெஷினில் காசு எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்கும், தனிக் கட்டணமும் உண்டு. பில்லில் உள்ள குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் அசையாது.

அக்காவின் மூன்று துண்டுகளையும் நேற்றிரவு கணக்குப் பார்த்தோம். நகையைத்தான் முதலில் மீட்க நினைத்திருந்தார். வட்டி கூடியது கிழமைக் கடன். இப்போது அதைத்தான் முதலில் முடிக்கப் போகிறார். கொப்பியும் பேனையும் இந்த மேசையில் இருக்கின்றன. உங்கள் துண்டுகளையும் கொண்டுவாருங்கள்.