ஓதம் பார்த்து ஓய்வு: அந்தமானின் சுவராஜ் தீவு

அந்தமான் தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் நாடிச் செல்வது சுவராஜ் தீவு. நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய தலைநகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இது இருக்கிறது. 2018 வரை இதன் பெயர் ஹேவ்லாக். பிரிட்டிஷ் தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் நினைவாக வைக்கப்பட்டது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அதன் 75ஆம் ஆண்டு நாளில் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும், அருகிலுள்ள நீல் தீவு ஷாஹீத் தீவாகவும் பெயர் மாற்றப்பட்டன.

சென்னையிலிருந்து தலைநகருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து தீவுக்கு அரசுக் கப்பல்களும் தனியார் விரைவுக் கப்பல்களும் ஓடுகின்றன. விரைவுக் கப்பலில் பயணம் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். இந்தியக் குடிமக்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. அடையாள அட்டை போதும்.

தீவின் பெரும்பகுதி காடு. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்கள் 1950களில் இங்கே குடியமர்த்தப்பட்டன. தென்னை, பாக்கு, வாழைத் தோப்புகளும் நெல் வயல்களும் அவர்கள் உழைப்பில் உருவானவை. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஆறாயிரத்துச் சொச்சம். கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று ஊர்களுக்குப் பெயர் இருந்தாலும், கடற்கரைகளை மூன்றாம் எண், ஐந்தாம் எண், ஏழாம் எண் என்று சொல்வதே வழக்கம். வடக்கே படகுத்துறை. கடைவீதியைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கிழக்குக் கரையோரமாக விஜய நகர் வழியே காலாபத்தருக்கும், மற்றொன்று மேடேறி இறங்கி மேற்கே ராதா நகருக்கும் போகின்றன.

இங்கே விடுமுறையைத் திட்டமிடுவோர் முதலில் கவனிக்க வேண்டியது சூரியன். இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். ஆனால் அந்தமான் வெகு கிழக்கே இருக்கிறது. அதனால் சென்னையைவிட இங்கே பொழுது சுமார் 50 நிமிடம் முந்தி நடக்கிறது. ஏப்ரலில் காலை ஐந்து மணி தாண்டியதும் வெயில் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் அடைந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து பத்து மணிக்குக் கிளம்புகிறவருக்குப் பகலின் நல்ல பகுதி போய்விட்டிருக்கும். விடியற்காலையில் வேலை, நடுப்பகலில் நிழல், நான்கு மணிக்குக் கடற்கரை என்பதே இங்கு ஒத்துவரும் ஒழுங்கு.

அடுத்தது ஓதம். இங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. நாளுக்கு நாள் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஒன்பது மணிக்கு நீர் வற்றினால், நாளை பத்து மணியை ஒட்டி வற்றும். ஒரு வாரத்தில் அதே ஒன்பது மணிக்கு நீர் ஏறி நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. மட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு சுமார் இரண்டு மீட்டர் வரை போகும். அஷ்டமியை ஒட்டி அது குறைந்துவிடும். கிழக்குக் கரை ஆழமற்றது. வற்றும் வேளையில் ஐந்தாம் எண் கடற்கரையில் நீர் வெகுதூரம் உள்வாங்கி, கல்லும் செத்த பவளமும் வெளியே தெரியும். அப்போது அங்கே நீந்த முடியாது. நண்டுகளையும் பாறைக் குட்டைகளில் சிக்கிய சிறு மீன்களையும் பார்த்துக்கொண்டு மெல்ல நடக்கலாம். நீர் ஏறியதும் அதே இடம் இடுப்பளவு நீரில் அலையில்லாமல் கிடக்கும்.

மேற்கு நோக்கிய ராதா நகர் கடற்கரை இதற்கு நேர்மாறு. நீண்ட வெண்மணல், சரிவான அடித்தளம், குளிக்கத் தோதான அலை. 2004இல் டைம் இதழ் இதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று குறிப்பிட்டது; 2020இல் கடற்கரைத் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. மணலை ஒட்டியே பெருமரங்கள் நிற்பதால் நண்பகலிலும் நிழலுக்குக் குறைவில்லை. தீவில் ஓய்வு என்று வருகிறவர்கள் பெரும்பாலும் பொழுதைக் கழிப்பது இந்த நிழலில்தான். சூரியன் மறைவதைப் பார்க்க ராதா நகர், உதிப்பதைப் பார்க்கக் காலாபத்தர்.

உடலுக்கு வேலை தர விரும்புவோருக்கு எளிதான தொடக்கம் ஸ்நார்க்கெலிங். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, நீரின் மேல் குப்புற மிதந்தபடி அடியிலுள்ள பவளப்பாறைகளைப் பார்ப்பது இது. மிதவைச் சட்டை உண்டு என்பதால் நீச்சல் தெரியாதவர்களும் வழிகாட்டியுடன் இறங்கலாம். இதற்குப் பேர்போன இடம் யானைக் கடற்கரை. படகுத்துறையிலிருந்து படகில் போகலாம். அல்லது ராதா நகர்ச் சாலையிலிருந்து பிரியும் காட்டுப் பாதையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்கலாம். மழை பெய்திருந்தால் பாதை சேறாகிவிடும்.

காது நீருக்குள் இருக்கும்போது அங்கே ஓர் ஓசை கேட்கும்: கறுக், கறுக் என்று எதையோ கடிக்கிற சத்தம். அது கிளிமீன். கிளியின் அலகு போன்ற பற்களால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டும்போது சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்தே வாய்க்குள் போகிறது. பாசி செரித்துவிடும், கல் பொடியாகி மணலாக வெளியே வரும். பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீன்கள் அரைத்துத் தந்தது.

பவளம் என்பது கல் அல்ல, உயிர். சிறு உயிரிகள் கூட்டமாக வாழ்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளே நிறத்தையும் உணவின் பெரும்பங்கையும் தருகின்றன. நீர் வழக்கத்தைவிடச் சூடானால் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். வெப்பம் நீடித்தால் செத்துவிடும். 2010 கோடையில் அந்தமான் கடலில் இப்படிப் பெருமளவு வெளுப்பு ஏற்பட்டது. தப்பிப் பிழைத்தவையும் புதிதாக வளர்கிறவையும் மிதிபட்டாலே முறிந்துவிடும். அதனால் பாறை மேல் நிற்பதும் கையால் தொடுவதும் கூடாது.

கடலுக்குள் இறங்கியே பார்க்க ஸ்கூபா. பயிற்சி பெறாதவர்களும் பயிற்றுநரோடு சேர்ந்து 12 மீட்டர் ஆழத்துக்குள் முழுகலாம். பொதுவாகப் பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் உடல் மேலுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. காது அடைக்கும், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதினால் சரியாகும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. அழுத்தம் குறையக் குறைய நுரையீரலிலுள்ள காற்று விரியும் என்பதே காரணம். சளி, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இறங்க வேண்டும். ஆழத்தில் இரத்தத்தில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரமாகும். அதனால் கடைசி முழுக்குக்கும் விமானப் பயணத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுவது நல்லது. ஆகவே ஸ்கூபாவை விடுமுறையின் முற்பகுதியில் வைத்துக்கொள்வதே ஏற்றது.

கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டுக் கால்வாய்களுக்குள் போவது மற்றொன்று. நீர் ஏறியிருக்கும்போதுதான் படகு உள்ளே நுழையும். வற்றினால் சேறும் வேரும்தான் மிஞ்சும். நிலவில்லாத இரவுகளில் வழிகாட்டியோடு போனால் துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலமாக ஒளிரும். அசைவு பட்டதும் ஒளியை உமிழும் ஒற்றைச் செல் உயிரிகளின் வேலை அது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் ஒளிர்ந்ததற்கும் இத்தகைய உயிரிகளே காரணம்.

கரையில் சைக்கிளும் வாடகை ஸ்கூட்டரும் உண்டு. படகுத்துறையிலிருந்து ராதா நகர் சுமார் 12 கிலோமீட்டர். வழியில் காடும் ஏற்றமும் இருப்பதால் சைக்கிளில் போவது நல்ல உடற்பயிற்சி. கிழக்குச் சாலை சமதளம். குழந்தைகளோடு போகவும் ஏற்றது. இந்தக் காட்டில் ஒரு காலத்தில் மரம் வெட்டும் தொழில் நடந்தது. அதற்காகப் பெருநிலத்திலிருந்து யானைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்றான ராஜன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் இந்தத் தீவில் வாழ்ந்தது. கடலில் நீந்தும் யானை என்று உலகப் புகழ் பெற்று, 2016இல் இறந்தது.

சாப்பாட்டில் மீனும் வங்காளிச் சமையலும் முதன்மை. இளநீர் எங்கும் கிடைக்கும். சென்னையிலிருந்து கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டு இந்தத் தீவையும் எட்டியது. கைப்பேசியை மறந்திருப்பது இப்போது பயணியின் விருப்பத்தைப் பொறுத்தது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அக்டோபர், நவம்பரில் புயலுக்கும் இடமுண்டு. அந்த மாதங்களில் கப்பல் ரத்தாகும் வாய்ப்பு இருப்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே தலைநகருக்கு வந்துவிடுவது பாதுகாப்பு.

ஆபத்துகளும் உண்டு. அந்தமானில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010இல் இத்தீவில் முதலை தாக்கி அமெரிக்கப் பெண் ஒருவர் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும், கழிமுகங்களிலும், இருட்டிய பிறகும் நீரில் இறங்கக் கூடாது. அலை கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுவையிலிருந்து விலக வேண்டும். மணல் ஈக்கள் கடித்தால் பல நாள் அரிக்கும். தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வதும் ஈர மணலில் படுக்காமல் இருப்பதும் ஓரளவு காக்கும்.

பவளத் துண்டைக் கரையிலிருந்து பொறுக்கினாலும் அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சங்கு, சிப்பி வகைகள் பலவற்றுக்கும் இந்தத் தடை உண்டு. விமான நிலையத்தில் பெட்டிகள் சோதிக்கப்படும்போது அவை பிடிபடும். அனுமதி பெற்ற கடைகளில் வாங்கும் சிப்பிப் பொருட்களுக்கு ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.