வேதாளம் கேட்ட கேள்வி

1985ஆம் ஆண்டில் இந்தியாவின் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' என்னும் இந்தித் தொடர் சிறுவர்களுக்காக ஒளிபரப்பாயிற்று. ராமானந்த் சாகர் எடுத்தது. விக்கிரமனாக அருண் கோவிலும் வேதாளமாக சஜ்ஜனும் நடித்தனர். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவரும் எழுதிவைத்த பழங்கதைகள் அவை. நம் வீடுகளில் விக்கிரமாதித்தன் கதை என்று சொல்கிறோமே, அதில் வரும் அதே வேதாளந்தான்.

அக்கதைகளில் ஒன்றைக் கேளுங்கள். நான்கு சகோதரர்கள் வித்தை கற்றுத் திரும்பினார்கள். காட்டில் ஓர் எலும்பு கிடந்தது. ஒருவன் அதில் தசையை வளர்த்தான். அடுத்தவன் தோலும் மயிரும் சேர்த்தான். மூன்றாமவன் மற்ற உறுப்புகளைப் பொருத்தினான். நான்காமவன் உயிர் கொடுத்தான். எழுந்தது சிங்கம்! நால்வரையும் கொன்றுவிட்டது.

"குற்றம் யாருடையது?" என்றது வேதாளம்.

"சிங்கம் என்று கண்ட பின்பும் உயிர் கொடுத்தவனுடையதே" என்றான் விக்கிரமன். அவன் வாய் திறந்ததும் வேதாளம் மரமேறிவிட்டது.

நால்வரும் படித்தவர்கள்தாம், யோசிக்கத்தான் தவறினார்கள். பெற்றோர்களே, தோட்டத்து வேலையால் களைத்திருந்தாலும் இன்றிரவு இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேள்வியோடு நிறுத்துங்கள். பிள்ளை வேறு விடை சொன்னால் அதட்டாதீர்கள்; "ஏன் அப்படி?" என்று கேளுங்கள். பள்ளிப் படிப்போடு யோசிக்கும் பழக்கமும் வளரட்டும்.